இரண்டாவது பொத்தான்

அன்று அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரு சின்ன வாக்கியம்: "இதை அவதான் தெச்சுக் குடுத்தாப்பா."

மார்ச் கடைசியில் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்புகிற அன்று அப்பாவின் தையல்கடையில் நின்றேன். அவர் வழக்கம்போல் என்னைப் பார்க்காமல் என் கோட்டைப் பார்த்தார். நீலக் கோட்டு. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் தடித்த மஞ்சள் நூலில் இருந்தது. அப்பா அதை இரண்டு விரலால் தூக்கி, அடியில் எட்டிப் பார்த்தார்.

"இத யாரு தெச்சது?"

"கடையிலப்பா."

முப்பத்தெட்டு வருடமாகத் தைக்கிறவரிடம் பொத்தான் விஷயத்தில் பொய். கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். வீட்டில் என் செல்லப்பெயரே ஊசிதான் என்பது கூடுதல் வேடிக்கை. அப்பா "ம்" என்றார். பக்கத்தில் காஜாக்காரரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தக் கடையில் பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டுகிறவர் அவர்தான்.

அந்த மஞ்சள் நூல், லிஃப்ட் பழுது பார்ப்பவர்களின் சீருடை தைக்கிற நூல். பொத்தானைத் தைத்தவள் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை செய்கிறாள். நானும் அவளும் நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது என் வீட்டுக்குத் தெரியும். வாடகையைப் பகிர்ந்துகொள்வதற்காக என்று நினைத்திருந்தார்கள்.

மெஷின் சத்தத்தில் அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. போனில் நான் பேசுவது கொசு கணக்குச் சொல்வது மாதிரி இருக்கிறது என்பார். ஆகவே அம்மாவுக்குப் போன், அப்பாவுக்குக் கடிதம். துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைகிற பழுப்புத் தாளில் ஒரு சுருள் ஒவ்வொரு முறையும் கொடுத்தனுப்புவார். அதில்தான் படம் வரைவேன், அதிலேயே கடிதமும் எழுதுவேன். இருவரின் கடிதங்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன.

*

ஏப்ரல் 12

அன்புள்ள அப்பா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, கூடவே சளியும் கிடைத்தது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக் கருவியை மேசை டிராயரில் வைக்காமல் காதில் வைக்கிறீர்களா?

அலுவலகத்தில் இப்போது ஓர் அரவை இயந்திரத்துக்கு விளக்கத்தாள் வரைகிறேன். பெட்டியைத் திறந்ததும் மடித்து வைத்திருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அது. ‘படம் நான்கு: மூடியை வலப்பக்கம் திருப்பவும்.’ திருப்புகிற கையை மட்டும் வரைய வேண்டும். மணிக்கட்டோடு முடித்துவிட வேண்டும். இந்த மாதம் இதுவரை நாற்பத்தொரு கைகள் ஆயிற்று. ஆள் ஒருவர்கூட இல்லை.

கோட்டு குளிருக்குப் போதுமானதாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊசி

*

ஏப்ரல் 23

ஊசிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். மூன்று மெஷினில் ஒன்றுக்குத்தான் வாதம், எண்ணெய் விட்டிருக்கிறேன். உன் சளி இறங்கியதா?

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். தாளைத் திருப்பினேன். விசேஷம் பின்பக்கம் இருந்தது.

இரண்டு பெண்கள், மொட்டைமாடி, மழை. ஒருத்திக்குப் பச்சை உடுப்பு, முதுகில் இறக்கை. இன்னொருத்திக்குச் சாம்பல் நிறக் கோட்டு, ஆள் திடகாத்திரம். கோட்டுக்காரி இறக்கைக்காரியின் காலரைச் சரிசெய்கிறாள். இரண்டு மூக்குக்கும் நடுவே அரை அங்குலம். நாடா வைத்துப் பார்த்தேன், அரை அங்குலம்தான்.

படம் நன்றாக வந்திருக்கிறது. தையல் சரியில்லை. பச்சை உடுப்பில் ஜிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை. எப்படி உள்ளே போனாள்? அவசரத்துக்கு எப்படி வெளியே வருவாள்? இறக்கையை எதில் குத்தியிருக்கிறது, துணியிலா, முதுகிலா? துணியில் என்றால் உடுப்பு பறந்துபோகும், அவள் கீழேயே நிற்பாள். ஒரு பைகூட இல்லை. வீட்டுச் சாவியை எங்கே வைப்பாள்?

காஜாக்காரரிடம் காட்டினேன். "மாஸ்டர், இதுங்க ஏன் மழையில நிக்குதுங்க?" என்றார். "தெரியல, ஊசியக் கேக்குறேன்" என்றேன்.

கேட்கிறேன். யார் இவர்கள்?

அப்பா

*

மே 8

அன்புள்ள அப்பா,

சளி போய்விட்டது. முழங்காலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

அந்தப் பின்பக்கம் உங்களுக்கு எழுதியதல்ல. இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருப்பது உங்கள் தாளின் குற்றம்.

‘பதினாலாம் மாடி’ என்று ஒரு படக்கதை மாதம் ஓர் இதழாக வருகிறது. இறக்கைக்காரி பெயர் தும்பி, பறப்பாள். கோட்டுக்காரி பாறை, நினைத்தால் கல்லாகிவிடுவாள், யாராலும் நகர்த்த முடியாது. இருவரும் நகரத்தைக் காப்பாற்றுகிறார்கள். பிறகு பதினாலாம் மாடியில் தங்கள் வீட்டுக்கு வந்து, யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போடுகிறார்கள். வாசகர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. கதையில் வராத, ஆனால் வந்திருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிற காட்சிகளை வரைந்து அங்கே போடுவோம். நீங்கள் பார்த்தது அப்படி ஒன்று. அங்கே என் பெயர் பாபின், உங்கள் மெஷினில் அடிநூல் சுற்றிவைக்கிறீர்களே, அதுதான்.

அவர்கள் காதலர்கள் என்பது பாதி வாசகர்களின் கருத்து. பெண்ணும் பெண்ணும்தான், அப்பா. மற்ற பாதி, நல்ல தோழிகள் என்கிறது. கதை எழுதுகிறவர் நாற்பத்தாறு இதழாக வாயைத் திறக்கவில்லை. அதனால் ஜோடிக் கட்சி, தோழிக் கட்சி என்று மன்றம் இரண்டாகிக் கிடக்கிறது. நான் விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. படம் போடுவதோடு சரி.

உங்கள் கேள்விகளை மட்டும் ‘ஒரு தையல்காரர் கேட்கிறார்’ என்று தலைப்பிட்டுப் போட்டேன். ஒரே நாளில் முந்நூறு பேர் சிரித்துவிட்டார்கள். சாவிக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. தையல்காரர் கதையைப் படித்தாரா என்று கேட்கிறார்கள். முதல் பன்னிரண்டு இதழ்களைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் துணி சுற்றக் கொடுத்துவிடுங்கள்.

ஊசி

*

ஜூன் 1

ஊசிக்கு அப்பா எழுதுவது.

முழங்கால் படியேறும்போது மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி நல்ல முழங்கால். அம்மா உன்னை வெந்நீர் குடிக்கச் சொல்கிறாள். சளி போய்விட்டது என்று சொன்ன பிறகும் சொல்கிறாள்.

பன்னிரண்டு இதழும் வந்தன. கடையில் வைத்தேன். இப்போது காத்திருக்கிறவர்கள் காத்திருப்பதற்காகவே வருகிறார்கள். பேண்ட் தயார் என்றால், "இருங்க மாஸ்டர், நாலு பக்கம் பாக்கி" என்கிறார் ஒருவர்.

காஜாக்காரர் தோழிக் கட்சியில் சேர்ந்துவிட்டார். "ரெண்டு பொண்ணுங்க ஒரே வீட்ல இருந்தா உடனே அப்படியா? என் தங்கச்சிகூடத்தான் ஹாஸ்டல்ல இருந்துச்சு" என்றார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா நின்றபடியே ஆறாம் இதழைப் படித்தாள். "ஈரத் துண்டக் கட்டில்ல போட்டதுக்கு மூணு பக்கம் சண்டை. இதுங்க புருஷன் பொண்டாட்டியேதான். எந்த சிநேகிதி இப்படி மெனக்கெட்டுச் சண்டை போடுவா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லாமல்தான் இருந்தேன். ஒன்பதாம் இதழ், பதினேழாம் பக்கம் வரை. பாறை கோட்டோடு கதவருகே நிற்கிற படம். கோட்டில் ஐந்து பொத்தான். நான்கில் கறுப்பு நூல். மேலிருந்து இரண்டாவதில் பச்சை நூல். பூதக்கண்ணாடி வைத்துப் பார். சாம்பல் கோட்டுக்கு எந்தக் கடைக்காரனும் பச்சை நூல் கோக்க மாட்டான். வீட்டில், கிளம்புகிற அவசரத்தில், கைக்கு எது அகப்படுகிறதோ அதில் தைப்பார்கள். அந்த வீட்டில் பச்சை நூல் யாரிடம் இருக்கும்? பச்சை உடுப்புக்காரியிடம். பொத்தான் போச்சு பாரு என்று சொல்கிறவள் சிநேகிதி. நிறுத்திவைத்துத் தைத்துவிடுகிறவள் வேறு ஆள். இதை மன்றத்தில் போடு.

அப்பா

பின்குறிப்பு: மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் தன் மகனை அழைத்து வந்தார். பேண்ட்டுக்கு அளவு என்றார். கோட்டுக்கும் எடுங்க என்றாள் அம்மா. யார் கல்யாணத்துக்குக் கோட்டு என்று நான் கேட்கவில்லை. தோள் பதினேழு. அளவெடுக்கும்போது அசையாமல் நிற்கிறான். நல்ல பையன். என்ன சொல்கிறாய்?

*

ஜூன் 19

அன்புள்ள அப்பா,

நான் சுகம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, குடை இரண்டு தொலைந்தது. முழங்காலுக்குப் படியேறாத நாள் ஒன்று கொடுங்கள்.

பச்சை நூலை மன்றத்தில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. இரண்டு நாளில் எழுநூறு பதில்கள். ஜோடிக் கட்சியினர் இப்போது தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தானைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாதிநிலா என்றொரு பெண், தும்பி பொத்தான் தைக்கிற காட்சியை அன்றே வரைந்துவிட்டாள். ஊசியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள், அது வேறு விஷயம். தோழிக் கட்சியின் தலைவர் ஒற்றைக்கொம்பு. தீர்ப்பு வாசிக்கிற நடையில்தான் எழுதுவார். ‘நண்பருக்குப் பொத்தான் தைத்தல் நட்பின் எல்லைக்கு உட்பட்டதே’ என்று பதினாறு பத்தி எழுதியிருக்கிறார். பாறையே அந்தப் பச்சை நூலை எடுத்துத் தானே தைத்திருக்கலாமே என்பது அவர் கேள்வி. தையல்காரருக்கு எத்தனை வருட அனுபவம் என்றும் கேட்கிறார்.

தும்பிக்குத் தோலில் உடுப்பு தைத்தால் என்ன என்று வேறொருவர் கேட்கிறார். பாறை கல்லாகும்போது கோட்டு ஏன் கிழிவதில்லை என்று பாதிநிலா கேட்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை. மன்றம் கேட்கிறது.

அலுவலகத்தில் மின்விசிறிக்கு விளக்கத்தாள் ஆரம்பித்திருக்கிறது. பதினெட்டுக் கைகள்.

ஊசி

*

ஜூலை 9

ஊசிக்கு அப்பா எழுதுவது.

வீட்டில் எல்லாரும் நலம். மூன்றாவது மெஷினும் எழுந்து நடமாடுகிறது. மூன்றாவது குடையாவது வாங்கினாயா?

தோலில் தைக்கச் சொன்னவர் பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது தோலுக்கு இஸ்திரி போட்டிருக்கிறாரா என்று கேள். கோட்டு கிழியாததற்குக் காரணம், அக்குளில் துணி விட்டிருப்பார்கள். ஆள் பெருப்பதற்கு இடம் விட்டு வெட்டுகிறவன்தான் தையல்காரன். கல்யாணமான ஆண்களுக்கு நான் ஒன்றரை அங்குலம் விடுகிறேன். கல்லாவதற்கு இரண்டு போதும்.

ஒற்றைக்கொம்புக்கு: அனுபவம் முப்பத்தெட்டு வருடம். அவர் இப்போது போட்டிருக்கும் சட்டையில் காலர் சுருங்கியிருக்கிறது, பார்க்காமலே சொல்கிறேன். தானே தைக்கிறவள் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதற்குத் தோதான நூலைத் தேடித் தைப்பாள். அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கும்போதுதான் எந்த நூலானாலும் சரி என்று தோன்றும். நீயும் அப்படித்தான் நிற்பாய். நீ என்றால், பொதுவாகச் சொல்கிறேன்.

போன கடிதத்தில் ஒரு பின்குறிப்பு எழுதியிருந்தேன். உனக்கு எப்போதும் தாளின் ஒரு பக்கம்தான் ஞாபகம் இருக்கும் போலிருக்கிறது. அம்மா பிடுங்கியெடுக்கிறாள். "ஏங்க, அவகிட்ட மாப்பிள்ளை விஷயம் கேட்டு எழுதினீங்களா, இல்ல பொம்மக் கதையே எழுதிட்டிருக்கீங்களா?"

போன ஞாயிறு உன் போனை எடுத்தது அந்த லிஃப்ட் பெண்ணாம். நம் கட்டட லிஃப்ட்டைப் பற்றி இருபது நிமிடம் விசாரித்தாளாம். "எப்படிச் சத்தம் போடுதுன்னு கேட்டுச்சு. நானும் அதே மாதிரி சத்தம் போட்டுக் காமிச்சேன். கயிறு இல்லம்மா, சக்கரம்னு சொல்லுச்சு" என்கிறாள் அம்மா. ஆள் வந்து பார்த்தான். சக்கரம்தான்.

அந்தப் பெண் எந்தக் கட்சி?

அப்பா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, குடையும் இருக்கிறது. அம்மாவின் லிஃப்ட் சத்தத்தை அந்த லிஃப்ட் பெண் இங்கே இன்னும் செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் எந்தக் கட்சியும் இல்லை. தும்பியும் பாறையும் இருக்கிற கட்டடத்தில் பதினோரு இதழாக லிஃப்ட் ஓடவில்லை, அதுதான் அவளுடைய ஒரே மனக்குறை. "ஒருத்தி பறக்குறா, ஒருத்தி கல்லாகுறா, ஒரு போன் பண்ணிச் சொல்ல ஆளில்ல" என்றாள்.

ஏன் இதையெல்லாம் வரைகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் நான் வரைகிற கைகள் மூடியைத் தொடும், திருகாணியைத் தொடும், மனிதர்களைத் தொடாது. சனிக்கிழமை மதியம் அந்தக் கைகளுக்கு ஆள் சேர்க்கிறேன். அப்புறம், நான் படித்த எத்தனையோ நல்ல புத்தகங்களில் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தால், கடைசி அத்தியாயத்துக்குள் ஒருத்திக்குக் கல்யாணமோ காசநோயோ வந்துவிடுகிறது. இவர்களுக்கு நாற்பத்தொன்பது இதழாக எதுவும் வரவில்லை. சண்டை மட்டும்தான் வருகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அக்டோபர் பத்தொன்பது வாசகர் நாள். ஒரு பெரிய மண்டபத்தில் எல்லாரும் கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு கூடுவார்கள். நான் சும்மா பார்க்கப் போகிறேன்.

பின்குறிப்பைப் படித்தேன். யோசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஊசி

*

ஆகஸ்ட் 24

ஊசிக்கு அப்பா எழுதுவது.

நலத்துக்குக் குறைவில்லை. இரைச்சலுக்கும் குறைவில்லை, காதுக் கருவியை மாட்டிக்கொண்டதன் பலன்.

நீ யோசிப்பதாக அம்மாவிடம் சொன்னேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பா. யோசிக்கிறேன்னா சரின்னுதான் அர்த்தம்" என்று கண்ணாடிக்கடைக்கே நடந்து போய்ச் சொல்லிவிட்டு, வரும்போது ஒரு கண்ணாடியும் வாங்கி வந்துவிட்டாள். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் நம் வீட்டுக்குப் பேச வருகிறார்கள். நீ இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் அதற்கு முன் எழுது. காரணத்தோடு எழுது. காரணம் இல்லாமல் உன் அம்மாவை நிறுத்த என்னால் முடியாது, பாறையாலும் முடியாது.

சும்மா பார்க்கப் போகிறாயாமே. மன்றத்துத் தையல்காரரின் மகள் வெறும் சட்டையோடு போய் நின்றால் என் பெயர் என்ன ஆவது? பச்சை ஒன்று, சாம்பல் ஒன்று வெட்டப் போகிறேன். பச்சைக்கு அளவு என்னிடம் இருக்கிறது, நீ பிறந்ததிலிருந்து இருக்கிறது. சாம்பலுக்கும் அனுப்ப வேண்டாம். காஜாக்காரர் தோழிக் கட்சியில் இருந்துகொண்டே காஜா எடுத்துத் தருகிறேன் என்கிறார். "காஜாவுக்குக் கட்சி கிடையாது மாஸ்டர்" என்றார்.

அப்பா

*

செப்டம்பர் 11

அன்புள்ள அப்பா,

சுகம். அம்மாவின் புதுக் கண்ணாடி எப்படி? முழங்கால்?

பச்சை நூல் வழக்கு முடிந்துவிட்டது. படக்கதையை வரைகிறவரே மன்றத்துக்கு வந்து எழுதியிருக்கிறார். ஒன்பதாம் இதழ் பதினேழாம் பக்கத்தில் இருப்பது அச்சகத்தில் கைதவறி விழுந்த பச்சைப் புள்ளியாம். அவர் பச்சை நூலே வரையவில்லையாம். தையல்காரர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஒற்றைக்கொம்பு ‘நீதி வென்றது’ என்று ஒற்றை வரி எழுதினார், அவர் எழுதியதிலேயே சின்னது அதுதான். பாதிநிலா இரண்டு நாளாக மன்றத்துக்கு வரவில்லை.

ஆகவே பொத்தானை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது, அப்பா. அதில் ஒன்றுமே இல்லை. இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

அக்டோபர் கடைசியில் விடுமுறை கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்கிறேன்.

ஊசி

*

செப்டம்பர் 20

ஊசிக்கு அப்பா எழுதுவது.

முழங்கால், கண்ணாடி, மெஷின் எல்லாம் நலம்.

அச்சகத்தில் விழுந்த புள்ளி. சரி. நான் நினைத்தது தப்பு. காஜாக்காரரிடம் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தாயிற்று.

உன் கோட்டு அச்சகத்தில் அடித்ததல்லவே.

அப்பா

*

இதற்கு மூன்று வாரம் நான் பதில் எழுதவில்லை. பழுப்புத் தாளில் ஒன்பது முறை ஆரம்பித்து, ஒன்பது முறையும் பின்பக்கத்தில் கைகள் வரைந்துகொண்டிருந்தேன். அம்மாவோடு ஞாயிறுதோறும் பேசினேன். விடுமுறை கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். கேட்டிருக்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

*

அக்டோபர் 13

அப்பா,

நான் நலம். இதை எழுதி முடிக்கிற வரைக்கும் நலமாக இருப்பேன் என்று நினைக்கிறேன். நீங்களும் படித்து முடிக்கிற வரைக்கும் நலமாக இருங்கள்.

பொத்தான் கடையில் தைத்ததல்ல. அவள்தான் தைத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது விழுந்துவிட்டது. குளிராக இருந்ததால் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றேன். அவள் தன் சீருடைக்கு வைத்திருந்த நூலை எடுத்து, நான் போட்டிருக்கும்போதே தைத்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்போது இரண்டு மூக்குக்கும் நடுவே அரை அங்குலம் இருந்தது.

நான்கு வருடமாக இப்படித்தான், அப்பா. கண்ணாடிக்கடைக்காரர் மகன் நல்லவராகத்தான் இருப்பார். எனக்கு வேண்டாம். இப்போது மட்டுமல்ல, எப்போதும். இதுதான் காரணம்.

கோபம் வந்தால் கோபமாக எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஊசி

*

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் ஒரு பார்சல் வந்தது. அப்பா அதை மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டிருந்தார். என் கடிதம் அப்போது எழுதப்படவே இல்லை. உள்ளே இரண்டு உடுப்புகள், அவற்றின் மேல் ஒரு பழுப்புத் தாள்.

*

அக்டோபர் 11

ஊசிக்கு அப்பா எழுதுவது.

நீ எழுதாததால் நலமாக இல்லை என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிடு.

பச்சை உனக்கு. பக்கவாட்டில் ஜிப், உள்ளே சாவிக்குப் பை. இறக்கையைத் தோளுக்குக் குறுக்கே கான்வாஸ் பட்டி கொடுத்து அதில் பிடித்திருக்கிறேன். பறக்காதே.

சாம்பல் அந்தப் பெண்ணுக்கு. அளவை உன் படத்திலிருந்து எடுத்தேன். திருகாணியைக்கூட அளந்து வரைகிறவள், ஆளை அளக்காமல் வரைந்திருக்க மாட்டாய். தோள் பதினெட்டு. சரியாக வரவில்லை என்றால் தப்பு உன்னுடையது. ஸ்பேனருக்கு ஒரு பை வைத்திருக்கிறேன், இடப்பக்கம். அவளுக்கு இடது கைதானே. பொத்தானுக்கு அடியில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தாள், மார்ச் மாதமே பார்த்தேன். வேறு யார் தைத்திருந்தாலும் பிரித்துப்போட்டு நீல நூலில் தைத்திருப்பேன். கெட்டியான தையல். பிரிக்க மனம் வரவில்லை.

கண்ணாடிக்கடைப் பையனுக்கு அளவெடுத்தபோது, நான் பார்த்தது தப்பாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பச்சைப் புள்ளி தப்பு என்று நீ எழுதியபோது ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தேன். அதற்கப்புறம் சாம்பல் துணியை வெட்டினேன். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

நீ காரணம் எழுதினால் அவர்களை வர வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். எழுதாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுது. அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். அவள் கத்தினால் நான் கருவியைக் கழற்றி டிராயரில் வைத்துவிடலாம், உனக்கு அந்த வசதி இல்லை. இருந்தாலும் சொல்.

சாம்பல் கோட்டில் இரண்டாவது பொத்தானை மட்டும் தைக்கவில்லை. ஸ்பேனர் பையில் இருக்கிறது, பச்சை நூலோடு. அதை நீ தை.

அப்பா

*

தோள் பதினெட்டு சரியாக இருந்தது. வாசகர் நாளில் படக்கதை வரைகிறவர் அவள் கோட்டின் இடப்பக்கத்துப் பையைப் பார்த்துவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டாம் இதழிலிருந்து பாறையின் கோட்டிலும் அந்தப் பை இருக்கிறது. அதே இதழில் தும்பி பாறையை முத்தமிட்டாள். ஒற்றைக்கொம்பு இன்னமும் நெருங்கிய தோழிகள் என்றுதான் எழுதுகிறார். காஜாக்காரர் கட்சி மாறிவிட்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் கத்தவில்லை. வைத்துவிட்டாள். ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. ஆறாவது மாதம் லிஃப்ட் மறுபடி சத்தம் போட்டபோது கூப்பிட்டு, அவளிடம் கொடுக்கச் சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரர் மகனுக்கு அடுத்த வருடம் வேறிடத்தில் கல்யாணம் ஆனது. கோட்டை அப்பாதான் தைத்தார்.

நான் தைத்த பொத்தான் வாசகர் நாள் முடிவதற்குள் விழுந்துவிட்டது. அவளே அதை மறுபடி தைத்துக்கொண்டாள், மஞ்சள் நூலில்.